அந்த எதிர்காலவாதி இல்லை

சுவரொட்டியில் ஓர் எழுத்துப்பிழை கூட இல்லை. ஜெரெமியா பல்மாஸுக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான். பிழை இருந்தால் அச்சகத்துக்குப் போய்ச் சண்டை போடலாம். இதில் ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலத்தில், சிவப்பு மையில், அதனதன் இடத்தில் சரியாக நின்றது.

"எதிர்காலவாதி ஜெரெமியா பல்மாஸ் பேசுகிறார். இனி நடக்கப் போவது என்ன? ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. தொழிலாளர் சங்க மண்டபம்."

அவர் எழுதிக் கொடுத்திருந்தது, "வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் இன்னும் நிறைவேறாமலிருக்கும் தீர்க்கதரிசனங்கள்: ஒரு பணிவான ஆராய்ச்சி" என்ற வாசகம். போன வியாழக்கிழமை அதை ஒரு சீட்டில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, ரொட்டிக் கடைக்குப் புறப்பட்ட மனைவி ஒனோரினாவிடம் கொடுத்து, போகும் வழியில் அச்சகத்தில் சேர்த்துவிடச் சொல்லியிருந்தார். இன்று செவ்வாய். நில அளவை அலுவலகத்துக்குப் போகிற வழியெங்கும், டிராம் நிறுத்தத்தில், மருந்துக் கடைச் சுவரில், குதிரைகளுக்கான தண்ணீர்த் தொட்டியில், எங்கும் இந்தச் சிவப்பு. பணிவையும் காணோம், ஆராய்ச்சியையும் காணோம்.

டுரின் நகரத்தில் அந்த வருடம், 1913இல், எதிர்காலவாதி என்றால் ஒரே அர்த்தம்தான். மிலானிலிருந்து கிளம்பிய இளவட்டங்கள். அதில் ஓவியர்கள் உண்டு, கவிஞர்கள் உண்டு, இரண்டும் வராதவர்கள் நிறைய உண்டு. அருங்காட்சியகங்களைக் கொளுத்த வேண்டும், பாட்டன்மார் கட்டிய எதையும் விட மின்சார நிலையம் அழகு, ஒரு போர் வந்தால் நாடு சுத்தமாகும் என்றெல்லாம் மேடையேறிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, கேட்க வந்தவர்களை மாடுகள் என்று திட்டுவார்கள். வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த காய்கறிகளை எறிவார்கள். இரண்டு தரப்புக்கும் அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. ஊரில் முன்பின் தெரியாத ஒருவனை அடிக்கச் சட்டப்படி வேறு வசதி இல்லை.

பல்மாஸுக்கு வயது ஐம்பத்து மூன்று. மற்றவர்களுடைய வயல் வரப்புகளைக் காகிதத்தில் கோடாக இழுப்பது உத்தியோகம். பாட்டனார் காலத்தில் மலைப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வந்த புராட்டஸ்டண்ட் குடும்பம். பத்தொன்பது வருடமாகச் சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்து வந்தார். இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆராய்ச்சியை எழுதி வந்தார். அது அறுநூற்று நாற்பது பக்கம் ஆகியிருந்தது.

அதன் சாரம் இவ்வளவுதான். ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள், கடலிலிருந்து ஏறி வரும் மிருகம், ஒரே மணி நேரத்தில் எரிந்து போகும் மகா நகரம் எல்லாமே பழைய ரோமர் காலத்தில் முடிந்துபோன கதை என்பவர்கள் உண்டு. இல்லை, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நடந்துகொண்டே இருக்கிறது என்பவர்கள் உண்டு. ஒன்றுகூட இன்னும் நடக்கவில்லை, எல்லாம் இனிமேல்தான், வந்தால் மொத்தமாக வரும் என்பது பல்மாஸின் கட்சி. வேதம் படித்தவர்கள் நடுவே இந்தக் கட்சிக்காரர்களுக்கும் எதிர்காலவாதிகள் என்றுதான் பெயர். மிலான் பையன்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் பெயர். டுரினில் இது தெரிந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் நான்கு பேருக்கு அவரைப் பிடிக்காது.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. சபையில் பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்தது, அந்த மிருகம் ரோமாபுரியில் உட்கார்ந்திருக்கிற போப்பாண்டவர்தான் என்று. ஊரெல்லாம் கத்தோலிக்கர்களாக இருக்க, நடுவே இருநூறு பேராக வாழ்கிறவர்களுக்கு அது ஒரு சின்ன ஆறுதல். மிருகம் இன்னும் வரவே இல்லை என்றால், போப்பாண்டவர் விடுதலையாகிவிடுகிறார். சபை மூப்பர் ரிபெத் இதைக் கேட்டபோது கண்கலங்கிவிட்டார்.

"எங்க பாட்டனாரப் பனியில செருப்பில்லாம மலைமேல துரத்தினவன் மிருகம் இல்லைன்னா, பின்ன யாருய்யா மிருகம்?" என்றார்.

பல்மாஸ் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். அதோடு சபைக் கூடம் அவருக்குக் கிடையாது என்றாகிவிட்டது. அதனால்தான் தொழிலாளர் சங்க மண்டபம்.

இதற்கு முன் அவர் அங்கே ஆறு தடவை பேசியிருந்தார். கூட்டம் எப்போதும் நான்கு பேர். காது கேட்காத ஒரு கடிகாரக்காரர், அடுப்புச் சூட்டுக்காக வருகிற இரண்டு வயதான சகோதரிகள், முதல் வரிசையில் பின்னல் ஊசியோடு ஒனோரினா.

ஒனோரினா அதிகம் பேச மாட்டாள். கல்யாணமான புதிதில் பேசியிருக்கலாம். சமையலறைப் புகைபோக்கி அடைத்துக்கொண்டு பதினோரு வருடமாக வீட்டுக்குள்ளேயே புகை கக்கியது. சரிசெய்யலாமா என்று கேட்டால் அவர், "இந்தக் குளிர்காலம் தாண்டட்டும், உலகம் இருக்குதான்னு பாத்துட்டுச் செய்யலாம்" என்பார். சன்னல் கதவு தொங்கியது, அவளுடைய கடைவாய்ப் பல் ஆடியது, மேல்கோட்டின் உள்துணி கிழிந்தது. எல்லாம் அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் உலகம் இருந்தது. பல்மாஸுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும்.

அன்று மாலை அலுவலகம் விட்டதும் நேரே அச்சகத்துக்குப் போனார். அச்சுக்காரன் கவால்லோ, வந்த சீட்டில் இருந்ததைத்தான் கோத்ததாகச் சொன்னான். சீட்டைக் காட்டு என்றால், அடுப்பில் போட்டாயிற்று என்றான். அச்சுக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று பல்மாஸ் அறிவார். கடைசியில், மேலே ஒட்டுவதற்குச் சின்னச் சின்னத் துண்டுகள் அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டான். பல்மாஸ் அங்கேயே உட்கார்ந்து வாசகம் எழுதினார். 'மேற்கண்ட சொல் ஓவியக் குழு எதனையும் சுட்டுவதன்று. வேத வியாக்கியான மரபில் வழங்கும் பொருளிலேயே' என்று ஆரம்பித்து அது ஒன்பது வரி ஓடியது. துண்டில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அதைச் சுருக்கப் போராடினார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஒனோரினா தலை நிமிராமல் சொன்னாள்.

"'அந்த எதிர்காலவாதி இல்லை'ன்னு போடுங்க. படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க."

அதில் ஒரு தெளிவு இருந்தது. புதன்கிழமை மாலை, பசைச் சட்டியும் தூரிகையுமாக அவரே தெருத் தெருவாக நடந்து நாற்பது சுவரொட்டிகளிலும் ஒட்டினார். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. குடை பிடித்தால் பசை தடவ முடியாது என்பதால் நனைந்தே முடித்தார்.

படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். வியாழக்கிழமை காலை காப்பிக் கடைகளில் அதே பேச்சுதான். மிலான்காரர்களையே ஒருத்தன் வேண்டாம் என்கிறானாம். அவர்களே பழசாகிவிட்டார்களாம். அவர்களையே பழசு என்பவன் எப்பேர்ப்பட்டவனாக இருப்பான் என்று ஆளாளுக்கு ஊகித்தார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் குனிந்து, முதல் வரிசையில் இடம் பிடித்துத் தர முடியுமா, மைத்துனனும் வருகிறான் என்று ரகசியமாகக் கேட்டார். பதினாறு வருடத்தில் அவர் பல்மாஸிடம் கேட்ட முதல் கேள்வி அது.

இனி பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதுவதைத் தவிர வழியில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் எழுதினார். நான்கு பக்கம் ஆனது. படித்துக் காட்டியபோது ஒனோரினா, நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கே எது என்று பிடிபடவில்லை, ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதினால் கோர்வையாக இருக்கும் என்றாள். அவர் எண் போட்டார். ஏழு வந்தது. ஏழு என்பது அவருக்குப் பிடித்த எண்.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் அது இரண்டாம் பக்கத்தில், கட்டம் கட்டி, "பல்மாஸின் பிரகடனம்" என்ற தலைப்போடு வந்தது.

"ஒன்று. நான் ஓவியன் அல்ல. நான் வரைவது வரப்புகளை மட்டுமே.

இரண்டு. அருங்காட்சியகங்களைக் கொளுத்த வேண்டும் என்று நான் எங்கும் சொன்னதில்லை. நேரம் வரும்போது அவை தாமே எரியும்.

மூன்று. நான் வேகத்தைப் புகழ்கிறவன் அல்ல. ஆனால் எல்லாம் சீக்கிரத்தில் நடந்து முடியும்."

இப்படியே போய், ஏழாவதாக, வேடிக்கை பார்க்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஏழாவது கட்டளையைப் போல ஊரைக் கிளப்பிவிட்டது வேறு எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை போலீஸ் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு, பிரகடனத்தின் இரண்டாவது பிரிவைப் பற்றி விசாரித்தார். பல்மாஸ் உண்மையைச் சொன்னார். மகா நகரம் ஒன்று ஒரே மணி நேரத்தில் எரியும், வியாபாரிகள் தூரத்தில் நின்று அழுவார்கள் என்றார்.

"யாரு வந்து எரிக்கப் போறது?"

"தேவதூதன்."

வந்தவர் எழுதிக்கொண்டார். "வெளியூரா?"

பல்மாஸ் விளக்கினார். விளக்க விளக்க அவர் எழுதிக்கொண்டே போனார். ஏழு பேர் என்றும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கலசம் இருக்கும் என்றும் கேட்டபோது, கலசத்துக்குள் என்ன இருக்கும் என்று கேட்டு, அதன் கீழே இரண்டு முறை கோடு போட்டார். மண்டபத்துக்கு எட்டுக் காவலர்களை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எட்டுக் காவலர்கள் வருகிறார்கள் என்றதும், இதுவரை வரலாமா வேண்டாமா என்று யோசித்தவர்களும் வருவது என்று முடிவு செய்தார்கள்.

பிற்பகலில் மூப்பர் ரிபெத் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஞாயிறு வகுப்பை நாளையிலிருந்து தன் மருமகள் பார்த்துக்கொள்வாள் என்றார்.

"நான் அந்த எதிர்காலவாதி இல்லைங்க. சுவரொட்டியிலயே ஒட்டியிருக்கேன்."

"எந்த எதிர்காலவாதியா இருந்தாலும் சரி. பிள்ளைங்க பேர் எழுதின புத்தகத்தக் குடுங்க."

பதினாறு பெயர்கள். போன வாரம்தான் ஒரு சின்னப் பெண், வானத்திலிருந்து நட்சத்திரங்கள் விழும்போது பூனைகள் என்ன செய்யும் என்று கேட்டிருந்தாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். வாரமெல்லாம் யோசித்து ஒரு பதிலும் வைத்திருந்தார். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மூப்பர் அதைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஒனோரினா சன்னலோரம் நின்று அவர் தெருவைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்த நிறுத்திரட்டுமா?" என்று பல்மாஸ் கேட்டார்.

"இவ்வளவு வருஷம் எழுதினதுங்க" என்றாள் அவள். "ஒரு தடவையாவது ஆளுங்க கேக்கட்டுமே."

அவளை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று அன்றுதான் தோன்றியது.

இன்னும் ஒரே ஒரு காப்பு இருந்தது. அது பேராசிரியர் த்ரவெர்ஸா. உயர்நிலைப் பள்ளியில் தத்துவம் கற்பிக்கிறவர், வியாழக்கிழமைகளில் பல்மாஸோடு சதுரங்கம் ஆடுகிற ஒரே நண்பர். அவர் தலைமை வகித்து, அந்தச் சொல்லுக்கு மூன்று துறைகளில் மூன்று பொருள் என்பதை முதலிலேயே விளக்கிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். படித்தவர்கள் விளக்கத்தின்மேல் வைக்கிற நம்பிக்கைக்கு அளவே கிடையாது.

இருநூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் இருந்தார்கள். பல்மாஸ் பின்கதவு வழியாக மேடையேறி எட்டிப் பார்த்தார். சன்னல் விளிம்புகளில் ஆட்கள். தூண்களைக் கட்டிக்கொண்டு ஆட்கள். கடிகாரக்காரரையும் சகோதரிகளையும் எங்கோ பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஒனோரினா பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்தவர்கள் மடியில் எதையோ கைக்குட்டை போட்டு மூடியிருந்தார்கள். மண்டபத்தில் ஒரு புளித்த வாடை.

த்ரவெர்ஸா எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு" என்றார். "கலையில், நேற்றைத் தூக்கி எறிவது. இதை நீங்கள் அறிவீர்கள்."

சிலர் கைதட்டினார்கள்.

"இரண்டாவது, தத்துவத்தில். மனிதனை அவனுடைய இறந்த காலம் செய்யவில்லை. இன்னும் வராத ஒன்றை நோக்கி அவன் சாய்ந்து நிற்கிறான். ஆனால் நாளை என்பது இப்போதே எங்கேயாவது இருக்கிறதா? நாளை மழை பெய்யும் என்று நான் சொன்னால், அது இன்றைக்கு உண்மையா, பொய்யா, அல்லது இரண்டும் இல்லையா?"

முட்டைக்கோஸ் அப்போதுதான் வந்தது. முழுக் கோஸ். நாளை இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே நின்றது. மூன்றாவது பொருள் என்ன என்பதை டுரின் நகரம் கேட்கவே இல்லை. இரண்டு காவலர்கள் பேராசிரியரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

பல்மாஸ் காகிதக் கட்டோடு முன்னால் வந்தார். "பணிவான" என்ற சொல்வரைக்கும் படித்தார். முதல் தக்காளி பக்கத்தின் மேலேயே விழுந்து வெடித்தது. அடுத்த இரண்டும் மார்பில். எழுத்து தெரியவில்லை. துடைத்தால் மை கலைந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சூரியன் கறுத்துப் போவதை, நிலா சிவந்து போவதை, மலைகள் இடம் பெயர்ந்து ஓடுவதை, ராஜாக்களும் சேனாதிபதிகளும் குகைகளுக்குள் ஒளிந்துகொண்டு பாறைகளைத் தங்கள்மேல் விழச் சொல்லிக் கெஞ்சுவதைச் சொன்னார். முதலில் கத்திச் சொன்னார், இரைச்சலைத் தாண்ட வேண்டியிருந்ததால். பிறகு இரைச்சல் குறைந்தது. குறைந்தும் அவர் கத்துவதை நிறுத்தவில்லை. ஒரு தக்காளி காதில் பட்டது. துடைக்கவில்லை. எக்காளம் ஊதுகிற கட்டம் வந்தபோது கையை உயர்த்தினார். நானூறு பேரும் வாயை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார்கள்.

பிறகு மண்டபமே எழுந்து கைதட்டியது.

நான்கு இளைஞர்கள் மேடைமேல் தாவினார்கள். முன்னால் வந்தவன் ரெமிஜியோ. பல் வைத்தியர் மகன். தலையில் ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொண்டவன். ஊரில் மிலான்காரர்களுக்குக் கிளை நடத்துகிறவன். அவன் பல்மாஸைத் தக்காளியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

"குருவே, இது மாதிரி நாங்க யாரும் எழுதினதில்ல. எப்ப எரிக்கலாம்?"

"நாம எரிக்க வேண்டாம்பா. மேலேயிருந்து வரும்."

"ஏரோப்ளேனா?"

பல்மாஸ் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் ஞாயிறு வகுப்பு எடுத்த மனிதர், இல்லை என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். ஆனால் கீழே நானூறு முகங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சிரித்தார். தலையை ஒரு மாதிரியாக, ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல், ஆட்டினார். கைதட்டல் இன்னும் கூடியது. அதைப் பற்றிப் பின்னால் அவர் யாரிடமும் பேசியதில்லை. அவருடைய வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான பத்து நிமிடம் அது.

அந்தப் பையன்கள் கேட்டது இரண்டு வருடத்தில் வந்தது, ஏரோப்ளேனும் போரும். நாலு பேரில் இருவர் திரும்பவில்லை. அது வேறு கதை.

பத்து நிமிடம் கழிந்ததும் பல்மாஸின் மனசாட்சி விழித்துக்கொண்டது. குரலைத் தாழ்த்தி, சொல்ல வந்ததற்கு வந்தார். இதெல்லாம் வேடிக்கை அல்ல, இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்கப்படும் என்றார். அதனால் இன்றைக்கு, இருட்டுவதற்கு முன்னால், நீங்கள் யாருக்கு அநியாயம் செய்தீர்களோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேளுங்கள் என்றார். நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றார்.

பின் வரிசைகளில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரெமிஜியோ பல்மாஸின் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாக மேடையிலிருந்து இறங்கினான். யாரும் கத்தவில்லை, எறியவும் இல்லை. எறிவதற்குக் கூட அதில் ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. கால் மணி நேரத்தில் மண்டபத்தில் கடிகாரக்காரரும் இரண்டு சகோதரிகளும் ஒனோரினாவும் மிஞ்சினார்கள்.

ஒனோரினா மேடையேறி வந்து, ஈரத் துணியால் அவர் காதைத் துடைத்தாள். காலரைத் துடைத்தாள். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ரெமிஜியோவின் குழு காப்பிக் கடையில் ஓர் அறிக்கை ஒட்டியது. பல்மாஸ் உண்மையிலேயே கடவுளை நம்புகிறவர் என்று தெரிய வந்திருப்பதால் அவரைத் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்றது. பேராசிரியர் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தார். வியாழக்கிழமை சதுரங்கப் பலகையைத் திருப்பி அனுப்பினார். உடன் வந்த சீட்டில், நாளை என்பது இல்லை என்ற முடிவுக்குத் தான் வந்துவிட்டதாக எழுதியிருந்தார். சங்க மண்டபத்துக்காரர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, இனிமேல் இடம் இல்லை என்றார்கள். பக்கத்து மேசைக்காரர் பழையபடி பேசாமலானார்.

பல்மாஸ் மூன்று நாள் யோசித்தார். சபை போயிற்று, நண்பன் போனான், வகுப்புப் பிள்ளைகளும் போனார்கள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் கூடவே நின்றது யார் என்று பார்த்தால் ஒரே ஒருத்திதான். அவளுக்கு அவர் என்ன செய்தார்? அடைத்துக்கொண்ட புகைபோக்கியைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை, அறுநூற்று நாற்பது பக்கங்களையும் நூலால் கட்டிப் பரணில் போட்டார். பிறகு புகைபோக்கி சுத்தம் செய்கிறவனை அழைத்து வந்தார். அவன் வாளி வாளியாகக் கரியை அள்ளிப் போட்டான். பல் வைத்தியரிடம் நாள் குறித்தார். மேல்கோட்டையும் தையல்காரனிடம் கொடுத்தார். ஒனோரினா சமையலறையில் நின்று, புகை ஒழுங்காக மேலே போவதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை இனிமே வீட்லதான இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"வீட்லதான்" என்றார்.

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு இப்படித்தான் இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. நடந்ததெல்லாம் நன்மைக்குத்தானோ என்று கூட அவர் நினைத்தார். தன்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திய ஊரில், தன்னை அவமானப்படுத்தாத ஒரு ஜீவன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுக்கத்தான் இவ்வளவும் நடந்ததோ என்னவோ.

சனிக்கிழமை பிற்பகல், தானாகவே கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். அவளுக்குக் கறுப்புத் திராட்சை பிடிக்கும். வாங்கிக் கொடுத்ததில்லை. சந்தை எந்தப் பக்கம் என்று தெரியும். ஆனால் எந்தக் கடையில் என்ன விற்கும் என்று தெரியாததால் ஒரு சுற்றுச் சுற்றினார். சிலர் அவரைப் பார்த்துத் தக்காளியைக் காட்டிச் சிரித்தார்கள். அவர் தொப்பியை எடுத்துப் பதில் மரியாதை செய்தார். அவமானத்திலும் ஒரு கட்டத்துக்கு மேல் வலி இருப்பதில்லை என்று கண்டுகொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் திராட்சை இருந்தது. கடைக்காரி ஒரு பருத்த பெண்மணி. சிவந்த கைகள், இடுப்பில் சாக்குத் துணி. நல்ல கொத்தாகப் பார்த்து நிறுத்துத் தாளில் சுற்றினாள். கொடுக்கிறபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அக்கறையோடு குனிந்து சொன்னாள்:

"அடுத்த கூட்டம் எப்பன்னு உங்க வீட்டம்மாவ இந்தத் தடவையும் முன்கூட்டியே சொல்லிரச் சொல்லுங்கய்யா, சுவர்ல நோட்டீஸ் ஏறுறதுக்கு நாலு நாள் முந்தியே வந்து, மண்டப வாசல்ல வச்சு வர்றவங்களுக்கெல்லாம் சும்மா குடுக்கணும்னு எட்டுக் கூடை அழுகல் தக்காளி சொல்லி வச்சாங்க பாருங்க, அதனாலதான் என்னால தோது பண்ண முடிஞ்சுது."